பத்தாயத்துக்குள் ஒரு கோமாளி

நெல் கொட்டிவைக்கும் பத்தாயத்துக்குள் இறங்கி மேல்மூடியை இழுத்துச் சாத்தியதும் வெளிக்கொண்டி தானாக விழுந்து மாட்டிக்கொண்ட ‘டக்’ சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. முகத்தில் தர்கா கந்தூரித் திருவிழாக் கடையில் வாங்கிய ரப்பர் கோமாளி முகமூடி. சிவந்த மூக்கு, காதுவரை இழுத்த சிரிப்பு. அந்த முகத்தோடு எங்கள் தெருவில் நான் அலறவைக்காத ஆள் இல்லை. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார்கூட ஒருமுறை செருப்பை விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். வேலையில்லாதவனுக்கு அதுவும் ஒரு வேலை.

அன்று நான் குறிவைத்தது மச்சானை, அதாவது என் அக்காவின் கணவரை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊரில் அந்த வருடங்களில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருந்தார்கள். மச்சான் துபாயில் பெரிய கடையொன்றில் சூப்பர்வைசர் என்று அக்கா சொல்வாள். சொல்லும்போது முக்காட்டைச் சரிசெய்துகொள்வாள். இரண்டு மாத விடுப்பு முடிந்து, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் அவர் கிளம்ப வேண்டும். கூடத்தில் பத்தாயத்தருகே வைத்திருந்த பெட்டியை எடுக்க வருவார், நான் எழும்புவேன், அழுகிற வீடு சிரிக்கும் என்பது என் திட்டம். குறுவை இன்னும் அறுக்காததால் பத்தாயம் காலி. பெட்டியைக் கார்க்காரர் கொண்டுபோய்விட்டது உள்ளே இருந்த எனக்குத் தெரியாது.

மூடியைத் தலையால் முட்டினேன், அசையவில்லை. நெல்லின் சுணை கழுத்தில் அரித்தது. வேர்வையில் ரப்பர் முகத்தோடு ஒட்டிக்கொண்டது. கையை மடக்கித் தூக்கி அதைக் கழற்ற இடமில்லை. விட்ட மூச்சே திரும்பத் திரும்ப வந்தது. ஊரை நடுங்கவைத்த வீரன் கலிமா சொல்லிப் பார்த்தேன், பாதியில் மறந்துபோயிற்று. நாகூருக்கு ஆடு நேர்ந்துகொண்டேன். வக்கில்லாதவனுக்கு ஆடு ஏது என்று, அந்த நிலைமையிலும், அதைக் கோழியாக்கினேன்.

கூடத்தில் துஆ முடிந்து எல்லோரும் ஆமீன் சொல்வது கேட்டது. கத்தியிருக்கலாம். ஆனால் பயணம் கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது எங்களிடம் கண்டிப்பான வழக்கம். கூப்பிட்டுவிட்டால் அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் கார்க் கதவு திறந்த சத்தம் வந்ததும் எல்லாம் விட்டுப்போயிற்று. “மச்சான்” என்று ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தினேன்.

ஷைத்தான் என்று பெண்கள் தெருவுக்கு ஓடினார்கள். மச்சான் மட்டும் உள்ளே வந்தார். மூடி திறந்தது. கோமாளி முகத்தைப் பார்த்து அவர் திடுக்கிடவில்லை, சிரிக்கவும் இல்லை. தாடைக்குக் கீழே விரலைக் கொடுத்து முகமூடியை மேல்பக்கமாக உரித்தார். பழகிய கை.

“வாயால மூச்ச இழுக்காத. மூக்கால, மெதுவா. மொதல்ல அப்புடித்தான் அடைக்கும்.”

“உங்களுக்கு எப்புடித் தெரியும்?”

வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். “அங்க எனக்கு இதானே வேல. கட வாசல்ல பொம்ம வேசம் போட்டுக்கிட்டு நிக்கணும். ஒனக்கு மொகம் மட்டும், எனக்கு ஒடம்பு பூரா. ஜிப்பு முதுகுல. யாராச்சும் வந்து அவுத்துவிட்டாத்தான் உண்டு. உள்ள அழுதாலும் வெளிய சிரிச்சிக்கிட்டே நிக்கும்ல, அதப் பாத்து சின்னப் புள்ளைங்க வீல்னு கத்துதுங்க. நம்ம புள்ள வயசுதான்.” முகமூடியை என் கையில் திணித்து, “ஒங்க அக்காட்ட சொல்லிடாத” என்றார்.

அக்கா தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். மச்சான் உட்கார்ந்தார். குடித்தார். எழுந்திருக்கவில்லை. கார்க்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

“நேரமாவுதுங்க” என்றாள் அக்கா.

“பின்னாலேருந்து கூப்புட்டாச்சு. மனசுக்குச் சரியாப் படல. இன்னிக்கி வேணாம்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்த ‘இன்னிக்கி’ நீண்டுகொண்டே போய் விசா காலாவதியானது. அவர் பேருந்து நிலையத்தருகே எஸ்.டி.டி. பூத் வைத்தார், பிறகு அதுவே செல்போன் கடையாயிற்று.

அக்கா ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. பேசத் தொடங்கியபின் அவளுக்கு இது ஒன்றுதான் பேச்சு. போன மாதம் ஒரு கல்யாண விருந்தில் பெண்கள் பந்தியை மறைத்த தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் கேட்டது. “எந்தம்பி ஒரு சத்தம் போட்டான், எங்க வூட்டு துபாய் அன்னியோட முடிஞ்சிச்சு. இல்லாட்டி நாங்களும் மாடி வூடு கட்டியிருப்போம்.” இரண்டு பக்கமும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயில் எதுவும் தங்காதவன் என்று பெயரெடுத்தவன் நான். என் வாழ்நாளில் காத்த ரகசியம் இது ஒன்றுதான். இதிலிருந்து என்னை வெளியே எடுத்துவிட வேறு யாருமில்லை.

நான்கு பேர் ஒரே தட்டில் உண்ணும் சஹனில் மச்சான் எனக்கு எதிரே இருந்தார். தலையைத் தூக்காமல், தன் பக்கம் கிடந்த பெரிய கறித்துண்டை விரலால் என் பக்கம் தள்ளிவிட்டார்.