வளர்மதியின் கேமராவில் ஒரு கரும்புள்ளி

நலங்குப் படங்களை டி.வி.யில் போட்டுப் பார்க்கலாம் என்று ஆசையாய்ச் சொன்னது வளர்மதிதான். அந்த ஒரு வார்த்தையை வாய்க்குள்ளேயே விழுங்கியிருக்கக் கூடாதா என்று அன்று பிற்பகல் அவள் எத்தனை முறை நெஞ்சுக்குள் அரற்றினாளோ, அது அவளுக்கும் கோட்டைக்குப்பத்து அம்மனுக்கும் மட்டுமே தெரியும்.

மாசிலாமணி வீட்டுக் கூடம் நிறைய உறவு ஜனம். விடிந்தால் அவர் மகள் பானுப்ரியாவுக்குக் கல்யாணம். காலையில் ஏரிக்கரையில் படகை நிறுத்தி, மஞ்சள் பூசிய முகத்தோடு பெண்ணை உட்கார வைத்து, பின்னால் பழவேற்காட்டு நீரும் பூநாரைக் கூட்டமும் தெரியும்படி வளர்மதி எடுத்த படங்கள் ஒவ்வொன்றாய்த் திரையில் வந்தன. "ஷோக்கா கீதுடி" என்று தோழிகள் பானுப்ரியாவின் தோளை இடித்தார்கள்.

"நிறுத்து" என்றது ஒரு குரல்.

மாப்பிள்ளையின் பெரியம்மா சரோஜா. மாப்பிள்ளை வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. நாற்காலியை விட்டு எழுந்து டி.வி.க்குப் பக்கத்தில் போய் விரலை வைத்தார்.

"இது இன்னாது, பொண்ணு வகிட்டுக்கு மேல கருப்பா?"

வெளுத்த வானத்தில், பானுப்ரியாவின் வகிட்டுக்கு நேர் மேலே, மங்கலாய் ஒரு கரும்புள்ளி. கொட்டாங்கச்சியின் கண் போல வட்டமாய்த் தொங்கியது.

"பறவையா இருக்கும்" என்றார் மாசிலாமணி.

"அடுத்ததப் போடு."

அடுத்த படத்திலும் புள்ளி இருந்தது. அதற்கடுத்ததிலும். பெண் சிரித்தாள், குனிந்தாள், கன்னத்தில் கை வைத்தாள். புள்ளி மட்டும் அவள் தலைக்கு மேலேயே நின்றது. எல்லோருடைய கண்ணும் டி.வி.யிலிருந்து மெல்லத் திரும்பி, சுவரோரம் நின்ற வளர்மதியின் வெறும் கழுத்தில் வந்து நின்றது.

அந்தப் பார்வையின் கனம் வெளியூராருக்குப் புரியாது. வளர்மதியின் புருஷன் ரமேஷ் ஒரு ஐப்பசியில் கடலுக்குப் போனவன்; படகு மட்டும் கரைக்கு வந்தது. அப்போது அவளுக்கு வயது இருபத்தாறு. அழுது தீர்த்துவிட்டு, பொன்னேரியில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் பெருக்கப் போனாள். பெருக்கியவள் பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கல்யாணப் படங்களில் மணப்பெண்களின் பருவையும் தழும்பையும் அழித்துக் கொடுப்பதுதான் வேலை. எத்தனையோ பேரின் தாலி கட்டும் நேரத்தை அவள் பார்த்திருக்கிறாள். எல்லாம் பின்னறையில், ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்தபடி. ஒரு கல்யாணத்திலும் அவள் மணவறைக்குப் பக்கத்தில் நின்றதில்லை. நிற்க யார் விட்டார்கள்?

சீட்டுப் போட்டு, கைமாறி வந்த கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு சொந்த ஊரிலேயே ஓர் அறை எடுத்தாள். ஆதார் கார்டுக்கு, ரேஷன் கார்டுக்கு, பள்ளிக்கூடத்துக்கு என்று ஜனம் வந்தது. சாவு வீட்டுக்கும் கூப்பிட்டார்கள். கல்யாணம், காது குத்து, சீமந்தம் என்றால் மட்டும் பொன்னேரியிலிருந்து ஆள் வரும்.

இந்தப் பானுப்ரியாதான் அடம் பிடித்தாள். "வளரக்கா எடுக்கலன்னா எனக்குப் படமே வேணாம் நைனா" என்று ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாள். பெண்ணின் பிடிவாதத்துக்கு முன்னால் மாசிலாமணி தோற்றுப் போனார். அப்படிக் கிடைத்த முதல் கல்யாணம். இது கை நழுவினால் இன்னொன்று வராது. ஊர் பேசிப் பேசியே அந்த வாசலை அடைத்துவிடும்.

"நான் அப்பவே சொன்னன்" என்றார் சரோஜா. குரல் உயரவில்லை, அதுதான் அதிகம் வலித்தது. "தாலி அறுத்தவ கையால படம் எடுத்தா இப்டித்தான் வரும். அம்மனே காட்டிக் குடுத்துட்டா. சம்பந்தி, பொன்னேரி ஆளுக்குப் போன் போடு."

"பெரிம்மா, அது கேமராவுல தூசு. கம்ப்யூட்டர்ல ஒரு நிமிசத்துல எடுத்துடுவேன்" என்றாள் வளர்மதி. அவளுக்கே அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"நீ அழிச்சிட்டா ஆச்சா? வந்தது வந்ததுதான."

மாசிலாமணி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பானுப்ரியா "நைனா" என்றாள். அவர் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது வளர்மதிக்கு. கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடலாம். வாழ்க்கையில் எத்தனை வாசலில் அப்படித் திரும்பியிருக்கிறாள். ஆனால் பையைத் திறக்கும்போது கடைசியாய் ஒருமுறை திரையைப் பார்த்தாள். மற்றப் படங்களிலெல்லாம் இடது பக்கம் இருந்த பானுப்ரியா அந்தப் படத்தில் வலது ஓரத்தில் இருந்தாள். இடது பக்கம் வெறும் வானம். புள்ளி பெண்ணைத் தேடிப் போகவில்லை. வெறும் வானத்தில், படத்தின் அதே இடது மேல் மூலையில், தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

அவளுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. இத்தனை வருஷம் அறைக்குள், விளக்கு வெளிச்சத்தில், லென்சின் வாயைப் பெரிதாய்த் திறந்து வைத்து எடுத்த முகங்கள். அதில் இந்தக் கறை தெரியாது. இன்றைக்குத்தான் முதல் முறையாய் அவளை நல்ல காரியத்துக்கென்று வெட்டவெளிக்குக் கூப்பிட்டார்கள். பெண்ணும் தெளிவாய் விழ வேண்டும், தூரத்துப் பூநாரையும் தெளிவாய் விழ வேண்டும் என்று லென்சின் வாயை ஊசிக்கண்ணாய்ச் சுருக்கினாள். சுருக்கியதும் உள்ளே ஒட்டிக் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"பெரிம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "போன் போடுங்க, நான் வேணாங்கல. அதுக்கு முன்னாடி நீங்க ஒரே ஒரு படம் எடுங்க."

"நானா?"

"நீங்கதான். மஞ்சக் குங்குமத்தோட இருக்கறவங்க கை. வானத்தப் பாத்து எதுன்னா எடுங்க."

சரோஜாவுக்கு மறுக்கவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. வாங்கவும் கை வரவில்லை. வாசலில், பந்தலுக்கு வெளியே அவர் புருஷன் செங்கல்வராயன் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தார். பின்னால் ஏரியும் வானமும் ஒன்றாய் வெளுத்துக் கிடந்தன. வளர்மதி காலையில் லென்சுக்கு வைத்த அளவை மாற்றாமலே கேமராவைக் கொடுக்க, சரோஜா அவரைப் பார்த்து ஒரு அமுக்கு அமுக்கினார்.

கூடத்துக்கு வந்து டி.வி.யில் போட்டார்கள். இடது மேல் மூலையில் புள்ளி. செங்கல்வராயனின் வழுக்கைத் தலை அங்கேதான் இருந்தது. உச்சந்தலையில் திருஷ்டிப் பொட்டு வைத்தது போல உட்கார்ந்திருந்தது.

யாரோ ஒருத்தி முதலில் களுக்கென்று சிரித்தாள். பிறகு கூடமே சிரித்தது.

"இன்னா, எனக்கும் எதுனா கண்டமா?" என்றார் செங்கல்வராயன் வாசல்படியில் நின்று. "அப்டின்னா மத்தியான மீன் கொழம்புல இன்னும் ரெண்டு துண்டு போடச் சொல்லு. தின்னுட்டுப் போறேன்."

"நீ சும்மா இரு" என்றார் சரோஜா. ஆனால் அவர் கண் திரையை விட்டு நகரவில்லை. "அப்போ இது கேமராவுலதான் கீதுன்னு சொல்ற. சரி. போவ வை, பாக்கறேன். அழிக்கக் கூடாது. எங்க கண்ணு முன்னால போவணும்."

அங்கேதான் வளர்மதிக்குச் சிக்கல். கேமராவைத் திறந்து உள்ளே சுத்தம் செய்வதை அவள் ஸ்டுடியோவில் பார்த்திருக்கிறாள், செய்ததில்லை. அதற்கான பொட்டலத்தை வாங்கி வைத்திருந்தாள். பயத்தில் பிரிக்கவே இல்லை. உள்ளே படம் பதிகிற சென்சார் ஒரு தபால் தலை அளவுதான். அதன் மேல் ஒரு கீறல் விழுந்தால் கேமரா போச்சு. கேமரா போனால் அறை போச்சு. மறுபடி யாரோ ஒருவருடைய ஸ்டுடியோவில் துடைப்பத்தோடு நிற்க வேண்டும்.

"செய்றேன்" என்றாள்.

வெளியே கடல் பக்கமிருந்து கொண்டல் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. "ஃபேன நிறுத்துங்க, ஜன்னல சாத்துங்க" என்றாள். தரையில் தண்ணீர் தெளித்தார்கள். அப்படியும் கதவிடுக்கால் மணல் வந்தது. அப்போது அவளுக்கு ரமேஷின் நினைவு வந்தது. கரையில் உட்கார்ந்து படகு இன்ஜினைப் பிரிக்கும்போது, மணல் உள்ளே போகாமலிருக்கக் காற்று வரும் பக்கம் கோணிச் சாக்கை நனைத்துக் கட்டுவான். அவள் சொல்லி முடிக்கும் முன்பே மாசிலாமணிக்குப் புரிந்துவிட்டது. புது வேட்டிகளை வாளியில் முக்கி எடுத்து வந்தார். கல்யாணத்துக்கு வந்த பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, வளர்மதியைச் சுற்றி ஈர வேட்டியால் ஒரு சுவர் எழுப்பினார்கள்.

எந்தக் கழுத்துகளுக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று அவளை இத்தனை காலம் ஒதுக்கினார்களோ, அந்தத் தாலிக் கழுத்துகளெல்லாம் அவளைச் சுற்றி வட்டமாய் நின்றன. அவளுக்கு மறுபடி கண் கலங்கியது. இந்த நேரத்திலா அழுவது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

பானுப்ரியா போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

"நீ வராத கண்ணு. மேலெல்லாம் மஞ்சத்தூள். ஒரு துளி உள்ள விழுந்தாலும் பேஜாரு." சுற்றிப் பார்த்தாள். "பெரிம்மா, நீங்கதான் பிடிக்கணும்."

சரோஜா டார்ச்சை வாங்கினார்.

முழுக்கச் சார்ஜ் ஏறிய பேட்டரியைப் போட்டு, வளர்மதி லென்சைக் கழற்றினாள். ஒரு பொத்தானை அமுக்கியதும் உள்ளேயிருந்த கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ள, ஆழத்தில் சென்சார் கிளிஞ்சலின் உட்புறம் போலப் பச்சையும் ஊதாவுமாய் மின்னியது.

"வாயால ஒரு ஊது ஊதிடும்மா" என்றார் மாசிலாமணி வேட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்து. "இன்ஜின் ஜெட்டு அடச்சிகினா நாங்க அப்டித்தான் ஊதுவோம்."

"ஐயோ, எச்சி பட்டா அவ்ளோதான் மாமா."

கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடித்தாள். சின்னத் தூசுகள் போயின. பெரிய புள்ளி அசையவில்லை. அது தூசு இல்லை, உள்ளே திறந்து மூடும் ஷட்டரிலிருந்து தெறித்த எண்ணெய் என்று தெரிந்துவிட்டது. பொட்டலத்தைப் பிரித்தாள். நுனியில் மெல்லிய துணி சுற்றிய பிளாஸ்டிக் குச்சி. அதில் கறை துடைக்கும் மருந்து இரண்டு சொட்டு விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே இழுப்பாய் இழுத்தாள். புரட்டி, திரும்ப ஒரு இழுப்பு.

லென்சை மாட்டி, வாசலுக்குப் போய் வானத்தை எடுத்து வந்து டி.வி.யில் போட்டாள்.

புள்ளி இல்லை. அதற்குப் பதில் அந்த இடத்தில் நீளமாய் ஒரு சாம்பல் இழுப்பு. எண்ணெய் போகாமல் பரவிவிட்டது. முன்பு ஒரு பொட்டுதான். இப்போது வானத்துக்கே ஒரு தழும்பு.

வளர்மதி திரையையே பார்த்து முழித்தாள். மாசிலாமணியின் கை போன் இருந்த சட்டைப் பைக்குப் போனது. எல்லாம் முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

"இன்னா முழிக்கற" என்றார் சரோஜா. "மொத தபா தேச்சதுல எண்ணெப் பாத்திரம் என்னிக்கு வெளுத்துது? இன்னொரு தபா தேய். டார்ச்ச நான்தான புடிச்சிகினு கீறேன்."

வளர்மதி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் கனிவு என்று சொல்ல ஒன்றுமில்லை. தொடங்கிய வேலை பாதியில் நிற்பதைப் பொறுக்காத முகம், அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது. ஈர வேட்டிக்குள் மறுபடி போனாள். புதுக் குச்சி, புது மருந்து. சரோஜா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தானும் மூச்சை அடக்கிக்கொண்டார். பெரியம்மாவின் முகம் சிவந்து போவதைப் பார்த்து, இழுத்து முடித்ததும் "மூச்சு விடுங்க" என்று வளர்மதிதான் சொல்ல வேண்டியிருந்தது.

இம்முறை வாசலுக்குப் போய்ப் படம் எடுத்ததும் சரோஜாதான். அவர் யாரிடமும் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. வழுக்கைத் தலையோடு செங்கல்வராயன், அவருக்குப் பின்னால் பழவேற்காட்டு வானம். திரையில் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை வெளுப்பு, வெளுப்பு, வெறும் வெளுப்பு. ஒரு பொட்டில்லை. ஒரு கீறலில்லை.

பானுப்ரியா ஓடிவந்து மஞ்சள் கையோடு வளர்மதியைக் கட்டிக்கொண்டாள். வெளிர் நீலப் புடவையில் பத்து மஞ்சள் விரலும் பதிந்தன. கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி வளர்மதி சிரித்தாள், அழுதாள், எது எது என்று அவளுக்கே தெரியவில்லை. மாசிலாமணி போனைப் பையிலேயே விட்டுவிட்டு, பிழியாமல் கிடந்த வேட்டிகளை அள்ளிக்கொண்டு கொல்லைப்புறம் போனார்.

மறுநாள் காலை, கரையோரத்து அம்மன் கோயில் முன்னால் முகூர்த்தம். மஞ்சள் கறை படிந்த அதே வெளிர் நீலப் புடவையைத்தான் வளர்மதி கட்டியிருந்தாள். கெட்டி மேளம் தொடங்கும் நேரம். பழக்க தோஷம், அவள் கால் தானாய் இரண்டடி பின்னால் போனது. அந்த இடைவெளியில் அட்சதையோடு ஒரு உறவுக்காரி புகுந்து, மணவறையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

சரோஜா மணவறையிலிருந்தே கையை நீட்டி அந்த உறவுக்காரியின் தோளைப் பிடித்து ஓரம் தள்ளினார்.

"தள்ளுமே. அது படம் எடுக்கறவ நிக்கற எடம்." பிறகு வளர்மதியைப் பார்த்து, "இன்னா அங்கியே நிக்கற? முன்னால வா."

வளர்மதி முன்னால் வந்தாள். மணவறைக்குப் பக்கத்தில், தாலி எடுத்த கைக்கும் குனிந்த கழுத்துக்கும் எல்லோரையும் விட நெருக்கமாய் நின்று, பின்னால் விடிந்து கிடந்த கறையற்ற வானத்தையும் சேர்த்துப் படத்துக்குள் வாங்கிக்கொண்டு, பொத்தானை அமுக்கினாள்.