ரசீதில் ஒரு குழாய்

எண்பதுகளின் நடுவில், மாமனாரின் காரியம் முடிந்த மறுநாளே நானும் என் வீட்டுக்காரரும் அவசரமாகக் கிளம்பினோம். மாமனாருடைய பழைய ரைபிளை விழுப்புரம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு வாத்தியார் வேலைக்கான போலீஸ் விசாரணை நடந்துகொண்டிருந்த சமயம் வேறு. ஒரு கேஸ் விழுந்தால் வேலை போச்சு.

ஸ்டேஷன் ரைட்டர் ரைபிளை வாங்கிக்கொண்டு, கூட இருந்த மெல்லிய குழலை மட்டும் எங்கள் பக்கமே தள்ளிவிட்டார். ரைபிளுக்கான பெரிய தோட்டா கிடைக்காமல் போன பிறகு, அந்தக் குழலை உள்ளே செருகி, சின்னத் தோட்டா போட்டுத்தான் மாமனார் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலையைத் தோண்ட வந்த நரிகளை விரட்டினார்.

“லைசென்ஸ்ல ஒரு துப்பாக்கிதாம்மா இருக்குது. இத்த எழுதினா ரெண்டாவது துப்பாக்கி ஆயிடும். துப்பாக்கி லைசென்ஸ் பாக்கற திண்டிவனம் ஆபீஸ்ல கேட்டுக்கினு வாங்க.”

குழலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம். கூட்டேரிப்பட்டில் ஒரு போலீஸ்காரர் ஏறி எங்களுக்கு எதிரிலேயே உட்கார்ந்தார். நான் பையைக் காலால் மிதித்துக்கொண்டே இருந்தேன். அந்த மனுஷனோ ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார்.

திண்டிவனத்தில் குமாஸ்தா சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். “துப்பாக்கியோட பாகமும் துப்பாக்கிதான்னு போட்டிருக்குது. ஆனா இது பாகமா, தனித் துப்பாக்கியா? நான் எழுதினா என் தலையில விடியும். மேல கேட்டு எழுதணும். மாசக்கணக்காவும்.”

“அதுவரைக்கும் இது யாரு வூட்ல இருக்கறதுங்க?” என்று கத்திவிட்டேன். அவர் ஃபேனைப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே விழுப்புரம் திரும்பினோம். நானே ரைட்டரிடம் சொன்னேன்: “துப்பாக்கின்னு எழுதாதீங்க சார். இரும்புக் குழாய்னு எழுதி வாங்கிக்குங்க.” அவருக்கும் பேஜாரு விட்டது. ‘ரைபிள் ஒன்று, இரும்புக் குழாய் ஒன்று’ என்று ரசீது கொடுத்தார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வேலை கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து, ரைபிளை விற்க அனுமதி வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். ரைட்டர் மாறியிருந்தார். புதியவர் ரசீதைப் படித்துவிட்டு ரைபிளை எடுத்து வைத்தார். பக்கத்தில், துருப்பிடித்த தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றையும் வைத்தார்.

“இது எங்களுது இல்லீங்க.”

“குழாய்னுதானம்மா போட்டிருக்குது? வேற இன்னா இருந்துச்சு, சொல்லுங்க. எழுதிக்கறேன்.” பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். “இதுதாங்க” என்று சொல்லி அவர் கையெழுத்துப் போட்டார்.

இன்றைக்கும் பேப்பரில் கள்ளத் துப்பாக்கி பிடிபட்ட செய்தி வந்தால், எந்த ஊர் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.