ஆறாம் நம்பர், அகலக் கால்

வேலம்மா தன் அளவுக்குச் செருப்பு வாங்கியதே கிடையாது. சின்ன வயதில் அவள் அம்மா, "வளர்ற காலு" என்று சொல்லி எப்போதும் ஒரு நம்பர் பெரிதாகத்தான் எடுப்பாள். கால் வளர்ந்து செருப்புக்குச் சரியாக வரும்போது செருப்பு அறுந்திருக்கும். வேலம்மாவுக்கு இப்போது நாற்பதை நெருங்குகிறது. கால் வளர்வதை நிறுத்தி எவ்வளவோ காலமாகிவிட்டது, பழக்கம்தான் நின்றபாடில்லை. மகள் தமிழ்நிலாவின் பள்ளிக்கூட ஷூவுக்குள்ளும் முன்பக்கம் பழைய புடவைத் துணியை அடைத்துத்தான் அனுப்புவாள். ஓட்டப்பந்தயத்தில் அந்த ஷூ ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று விழுந்ததிலிருந்து தமிழ்நிலா ஓட்டத்துக்கே போவதில்லை.

கிண்டியில் குடோன் வேலைக்குச் சேர்ந்த அன்று பாதுகாப்பு ஷூ கொடுத்தார்கள். விரல் மேல் சுமை விழுந்தால் நசுங்காதிருக்க முன்னால் இரும்பு வைத்த ஷூ. ஆறாம் நம்பரைப் போட்டுப் பார்த்தாள். மெட்டி விரலில் ஏறி அமுக்கியது. புருஷன் பஞ்சாட்சரம் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மெட்டியைக் கழற்றுவாளா? ஏழுக்குப் போனாள், அப்புறம் எட்டு. எட்டில் விரல்களுக்கு இடம் கிடைத்தது. நீளத்தில் மிச்சமானதை அடைக்கத்தான் வீட்டில் துணி இருக்கிறதே!

பெட்டி தூக்கி அடுக்கிய வரைக்கும் தொந்தரவில்லை. இடுப்பு விட்டுப்போகத் தொடங்கியதும் அவள் கண் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி மேல் விழுந்தது. அதை ஓட்டத் தேறிவிட்டால் உட்கார்ந்து செய்கிற வேலை, சம்பளமும் கூட. ஸ்டியரிங் அவளுக்கு இரண்டே நாளில் கைக்கு வந்துவிட்டது. பெடல்தான் வரவில்லை. பிரேக்கை மிதித்தால் ஷூவின் நுனி ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து மிதித்தது. இரண்டு தேர்விலும் வண்டி துள்ளி அலமாரியில் போய் இடித்தது.

"கை நல்லா வருதும்மா, கால்தான் வரல," என்றார் கற்றுக்கொடுக்கிற தனபாலன். "வெள்ளிக்கிழமை கடைசி சான்ஸ். அப்புறம் வேற ஆளப் போட்டுருவாங்க."

ஷூவின் மேல் சந்தேகம் இருந்தும் வேலம்மா வாயைத் திறக்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிரிப்பார்களே என்ற கூச்சம். ஆனாலும் வேலை விட்டதும் தொழிற்பேட்டை வாசலில் ரூபீனா நடத்தும் ஷூ கடைக்குள் நுழைந்தாள்.

"ஒம்போதாம் நம்பர் இருக்குதா? இது சாயங்காலமானா கடிக்குது."

ரூபீனா ஷூவை வாங்கி உள்ளே கையை விட்டாள். துணி வந்தது. இழுக்க இழுக்க வந்தது.

"இன்னாக்கா, உள்ள முழுப் பொடவையே வச்சிக்கினு கீற!"

வேலம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ரூபீனா அவள் பாதத்தை அட்டை மேல் வைத்துக் கோடு போட்டாள். "நீளம் ஆறுதான்க்கா. ஒனக்குக் காலு அகலம். நீ அகலத்துக்குப் போய் நீளத்த ஏத்திக்கினே போயிருக்க. ஆறுலயே அகலமானது தனியா வருது. நாள் பூரா நின்னு காலு வீங்கன நேரமா வந்த பாரு, அதுவும் நல்லதாப் போச்சு."

ரூபீனா எடுத்துவந்த ஷூவில் வேலம்மா காலை விட்டாள். பழக்கத்தில் முன்பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். இரும்பு, அமுங்குமா?

"காலை முன்னால தள்ளிட்டுப் பின்னால ஒரு விரல் வுட்டுப் பாருக்கா."

ஒரு விரல்தான் போனது. மெட்டி எங்கும் இடிக்கவில்லை. எழுந்து நடந்தாள், திரும்ப நடந்தாள். கழற்றவே மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பிரேக்கை மிதித்தபோது பிரேக் மட்டும் மிதிபட்டது. வண்டி கோட்டின் மேல் அழகாக நின்றது. "அடேயப்பா!" என்றார் தனபாலன். வேலம்மா இறங்காமலே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் மகளைத் தி.நகர் ஷூ கடைக்குக் கூட்டிப்போனாள். தமிழ்நிலா பெஞ்சில் உட்கார்ந்ததும் தானாகவே, "ஒரு நம்பர் பெருசா குடுங்கண்ணா," என்றாள்.

வேலம்மாவுக்குச் சுருக்கென்றது. "வேணாம்ப்பா. அவ காலு எந்த நம்பரோ அதயே குடு. அகலத்தையும் பாத்துக்க."

"அடுத்த வருசம் பத்தாதும்மா," என்றாள் தமிழ்நிலா.

"பத்தாட்டிப் போவுது. வேற வாங்கலாம்."

புது ஷூவைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தால் பேருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. "ஓடுடி!" என்றாள் வேலம்மா. தமிழ்நிலா ஒரு கணம் காலைப் பார்த்துத் தயங்கிவிட்டு ஓடினாள். படிக்கட்டில் ஏறியதும் திரும்பி, பேருந்தே கேட்கக் கத்தினாள்:

"அம்மா, கழலல!"