நாற்காலியில் ஒரு ஷிப்ட்

ஓசூரில் நான் வேலை பார்த்த மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஷிப்ட் தொடங்கும்போது யாருக்கு எந்த பெட் ஒதுக்கப்படுகிறதோ, ஷிப்ட் முடியும்வரை அது அவருடைய பெட். அவரைக் கேட்காமல் இன்னொரு நர்ஸ் அங்கே சலைனின் வேகத்தைக்கூட மாற்றக் கூடாது. ஒரே மருந்தை இரண்டு பேர் தனித்தனியே கொடுத்துவிடாமல் இருக்க வந்த பழக்கம். நாளடைவில் எங்கள் கௌரவமே அதில்தான் என்றாகிவிட்டது. சொந்த வீடு கட்டியவர்கள் ‘என் வீடு’ என்பதுபோல ‘என் பெட்’ என்போம்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு மழைக்காலம். சிப்காட்டில் வேலை பார்த்த என் கணவருக்கு நிமோனியா முற்றி, எங்கள் பிரிவிலேயே வென்டிலேட்டரில் வைத்தார்கள். அவரைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸுக்குச் சொந்த ஊர் கல்லாவி; எங்களுக்கு அவள் கல்லாவிக்காரி. என்னைவிடச் சில வருடங்கள் இளையவள்; எதிலும் நிதானம். நான் அப்படியல்ல. அலாரம் அடித்தால் தலை திரும்பும் முன்பே கை போய்விடும். யூனிட்டிலேயே வேகமான கை என்னுடையது என்று எனக்கொரு எண்ணம். இன்சார்ஜும் அதை அடிக்கடி சொல்லி வளர்த்துவிட்டிருந்தார். கல்லாவிக்காரியின் நிதானத்தை மந்தம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று காலை டாக்டர் தெளிவாகச் சொன்னார்: மெஷினின் உதவியைக் குறைத்துப் பார்ப்போம். அவராக மூச்சு விட்டால் வாயிலுள்ள குழாயை எடுத்துவிடலாம். களைத்துப்போனால் கழுத்தில் துளை போட வேண்டியிருக்கும்.

நான் லீவில் இருந்தேன். கட்டிலின் அருகே கல்லாவிக்காரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள்.

“உக்காருங்க்கா. இன்னிக்கு நீங்க நர்ஸ் இல்ல, பேஷண்ட்டோட அட்டெண்டர். எழுந்திரிச்சீங்க, வெளிய அனுப்பிடுவேன்.”

“அனுப்புவியா நீ?”

“அனுப்பிப் பாக்கட்டுமா?”

சிறிது நேரத்தில் என் கணவர் இருமினார். வென்டிலேட்டர் கத்தியது. நான் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. ஒரு கை அலாரத்தை அடக்கும் பொத்தானில், மறு கை சளி உறிஞ்சும் குழாயில். கையுறைகூட இல்லை. கல்லாவிக்காரி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அக்கா, இது யார் பெட்டு?”

“சளி அடைச்சிருக்குடி, எடுக்கணும்.”

“யார் பெட்டுன்னு கேட்டேன்.”

“உன் பெட்டு.”

“அப்ப உக்காருங்க. கையில கிளவுஸ் இல்ல, கெளம்பி வந்துட்டாங்க.”

எதிர் பெட் நர்ஸ் முகமூடியைச் சரிசெய்வதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

கல்லாவிக்காரி உறிஞ்சு குழாயை உடனே எடுக்கவில்லை. அவர் நெஞ்சின் மேல் உள்ளங்கையை லேசாக வைத்துக் குனிந்து, “அண்ணா, நல்லா இருமுங்க. இன்னொரு தடவ” என்றாள். அவர் இருமினார். அவர் விலா ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே காத்திருந்தாள். சளி மேலே ஏறிவந்த பிறகுதான் கையுறை போட்டு ஒரே முறையில் உறிஞ்சினாள். அலாரம் நின்றது.

“இருமத் தெம்பு இருக்குக்கா. குழாய எடுக்கணும்னா அதத்தான பாக்கணும்?”

எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தபோது ஒன்று தெரிந்தது: அவள் கை தாமதிக்கும் நேரமெல்லாம் அவள் கண் வேலை செய்துகொண்டிருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அவர் அவளிடம் இருக்கிறார் என்பதில் நிம்மதியாகவும் இருந்தது.

மதியத்துக்குள் குழாய் வெளியே வந்தது. அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். கரகரத்த குரலில் கேட்டார்:

“டூட்டிக்குப் போகலயா?”

“அக்காவுக்கு இன்னிக்கு உக்கார்ற டூட்டிண்ணா,” என்றாள் கல்லாவிக்காரி. “அதையும் ஒழுங்கா பாக்கல.”

அவர் சிரிக்கப் போய் இருமினார். என் கை மறுபடி எழுந்தது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் உதடு வறண்டு வெடித்திருந்தது. துடைக்கலாமா என்று அவளிடம் கேட்டேன்.

நனைத்த காஸ் துணியை நீட்டினாள். “துடைங்க. பாவம்னு தண்ணி குடுத்துடாதீங்க.”

எத்தனையோ மனைவிமாரிடம் இதே குரலில் நான் சொன்னதுதான்.

“சரிங்க சிஸ்டர்” என்றேன்.