வெள்ளையடித்த கற்கள்

காளியாயிக்கு மலை ஏற முடியாது. தேயிலைத் தோட்டத்தில் மலை ஏற முடியாதவளுக்கு வேலை கிடைப்பது அபூர்வம். பன்னிரண்டு வயதிலிருந்து கூடை தூக்கியவள், ஒரு மழைக்காலத்தில் கொழுந்து மூட்டையோடு கால் வழுக்கித் தண்ணீர் ஓடும் கான் பள்ளத்துக்குள் விழுந்தாள். டிக்கோயா ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்து திரும்பியபோது இடது பக்கம் சாய்ந்துதான் நடக்க முடிந்தது. புருஷன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். வேலைப் பட்டியலில் பேரை வெட்டினால் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போய்விடும். என்னமோ மனம் இரங்கித் தொரை அவளைக் கன்று வளர்க்கும் தவறணைக்கு அனுப்பினார்.

தவறணை ஆற்றோரத்துச் சமதரையில் இருந்தது. தேயிலைத் தண்டை இலையோடு நறுக்கி, மண் நிரப்பிய பொலித்தீன் உறைகளில் ஊன்றி, பெரணித் தழை வேய்ந்த பந்தலின் நிழலில் கன்றாக வளர்ப்பார்கள். தண்ணீர் தெளிப்பதும் களை பிடுங்குவதும் பந்தலைப் பார்த்துக்கொள்வதும் அவளுக்கும் அவள் நாத்தனார் ராசம்மாவுக்கும் வேலை. உட்கார்ந்தே நகர்ந்து நகர்ந்து செய்யலாம். காளியாயி அந்த வேலையைப் பிடிகொம்பு மாதிரிப் பிடித்துக்கொண்டாள்.

பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நடும் தோட்டங்களுக்கு அரசாங்கம் உதவி செய்துகொண்டிருந்த காலம் அது. கன்று தரமானதா என்று பார்க்க ஓர் உத்தியோகத்தர் வருகிறார் என்று காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில் சொன்னார்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் தவறணையை மூடிவிட்டு, வேறு தோட்டத்திலிருந்து கன்று வாங்கத் தொரை முடிவு செய்திருந்தார். அதைக் கேட்டதிலிருந்து காளியாயிக்குச் சோறு இறங்கவில்லை.

தோட்டத்தில் பெரிய மனிதர் யார் வந்தாலும் என்ன செய்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பாதையைக் கூட்டுவார்கள், கானை வெட்டுவார்கள், ஓரக் கற்களுக்கெல்லாம் வெள்ளையடிப்பார்கள். மாரியம்மன் திருவிழாவுக்கும் அப்படித்தான். உத்தியோகத்தர் வருவதற்கு முதல் நாள் காலையில், கோயிலில் மிஞ்சிக் கிடந்த சுண்ணாம்பைக் கேட்டு வாங்கி வந்து, தகரத்தில் கரைத்து, பாத்தி ஓரத்துக் கற்களுக்கு அடிக்கத் தொடங்கினாள். யாரும் சொல்லவில்லை. அவளாகத்தான் செய்தாள்.

"கல்லுக்குக் கல்யாணமா மதினி? மாப்பிள்ளை யாரு, வர்ற ஐயாவா?" என்றாள் ராசம்மா.

"வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இரு. அந்தப் பக்கத்தை நீ அடி."

மத்தியானத்துக்குள் தவறணை பளிச்சென்று ஆகிவிட்டது. அவள் தள்ளி நின்று பார்த்து, வெகுநாளைக்குப் பிறகு கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டாள். அப்போதுதான் தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்தார். கூடவே மூக்கன் கங்காணியும் வந்தான். கண்டாக்கு ஐயா கற்களைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். மலை உச்சியைக் கறுப்பு மூடிக்கொண்டு வந்தது.

"யாரு சொல்லி அடிச்சது?"

காளியாயி தான்தான் என்றாள். அவர் கத்தவில்லை. அதுதான் அவளுக்கு அதிகப் பயத்தைத் தந்தது. தேயிலைக்குச் சுண்ணாம்பு ஆகாது, காயாத சுண்ணாம்பு மழைத் தண்ணீரோடு இறங்கினால் வேர் கெட்டு இலை மஞ்சளாகிவிடும் என்று சுருக்கமாகச் சொன்னார். முகத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கப் பார்த்தாயா, வேருக்கு அடித்துவிட்டாயே என்று கங்காணி தலையில் அடித்துக்கொண்டான்.

அவர்கள் பேசி முடிக்கும்வரை மழை காத்திருக்கவில்லை. காளியாயி கொழுந்துச் சாக்குகளை எடுத்துக் கற்கள்மேல் போர்த்தினாள். ராசம்மா மண்வெட்டியால் கல்லுக்கும் பாத்திக்கும் நடுவே வாய்க்கால் இழுத்தாள். ஆனாலும் மேல் பாத்தியின் ஓர வரிசைகளுக்குள் பால் கலந்த மாதிரி வெள்ளைத் தண்ணீர் புகுந்துவிட்டது. அந்த உறைகளைக் கூடையில் அடுக்கித் தகரக் கொட்டகைக்குத் தூக்கினார்கள். ஒவ்வொரு தடவை குனிந்து நிமிரும்போதும் இடுப்புக்குள் கத்தி திரும்பியது. அவள் நிற்கவில்லை.

மழை விட்டபோது மேல் பாத்தியின் ஓரம் மொட்டையாகக் கிடந்தது. கங்காணி வந்து பார்த்தான். கொட்டகைக்குத் தூக்கிய கன்றுகளின் இலையைக் கழுவிவிட்டு, அவற்றை நடுவில் இருக்கும் நல்ல கன்றுகளுக்கு இடையே கலந்து வைத்துவிடச் சொன்னான். பார்வைக்கு இப்போது ஒரு வித்தியாசமும் இல்லை. நாளைக்கு வருகிறவர் இலையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

"மஞ்சளாகிறப்போ?"

"அப்ப பார்த்துக்கலாம். உன் வேலை நிக்கணுமா வேணாமா?"

அவள் சரி என்று தலையாட்டினாள். வேலை நிற்க வேண்டும். அதற்காகத்தானே இத்தனையும். கன்றுகளைக் கழுவினாள். ஓர் உறையைக் கையில் எடுத்து நடுப் பாத்திக்குப் போனாள். ஆயிரக்கணக்கான உறைகள் ஒரே நிறத்தில் நின்றன. இதை இங்கே வைத்துவிட்டால் பிறகு தன்னாலேயே இதைக் கண்டுபிடிக்க முடியாது என்று தோன்றியது. வருகிறவர் கையை எங்கே வைப்பாரோ. கெட்டது ஒன்று அகப்பட்டால் பாத்தி முழுவதும் கெட்டது என்பார். அப்படி அகப்படாவிட்டால், அடுத்த வருஷம் மலையில் நின்று பட்டுப்போகும். இரண்டையும் அவளால் தாங்க முடியாது. உறையைத் திரும்பக் கொண்டுபோய்க் கொட்டகையிலேயே வைத்தாள்.

மறுநாள் உத்தியோகத்தர் வந்தார். சிங்களவர், கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். தொரையும் கண்டாக்கு ஐயாவும் கூட வந்தார்கள். கூட்டிவிட்ட பாதையை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. நேராக நடுப் பாத்திக்குப் போய்க் கை போன இடத்தில் ஓர் உறையை உருவினார். பேனாக்கத்தியால் கிழித்து, மண்ணை வாளித் தண்ணீரில் அலசி, வேரை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு இன்னொன்று. பிறகு கீழ்ப் பாத்தியில் ஒன்று. கங்காணியின் முகம் வெளிறிக்கொண்டே வந்தது. கலந்து வைத்திருப்பதாகவே அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

மேல் பாத்திக்கு வந்ததும் அவர் நின்றார். மொட்டை ஓரத்தைப் பார்த்தார். சாக்கு ஒன்றைத் தூக்கினார். வெள்ளைக் கல். கண்டாக்கு ஐயாவிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். கண்டாக்கு ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு, தொரையை ஒருமுறை பார்த்தார்.

அக்கம்பக்கத்துச் சிங்களக் கிராமங்களிலிருந்து காய்கறி கொண்டு வரும் பெண்களோடு பேசிப் பழகிய சிங்களம் காளியாயிக்குக் கொஞ்சம் உண்டு. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கும் சொல் அவளுக்குத் தெரியும்.

"ஹுனு, மாத்தயா," என்றாள். கொட்டகையைக் கை காட்டினாள். "நனைஞ்சதெல்லாம் அங்க இருக்குங்க. நான்தான் அடிச்சேன்."

கண்டாக்கு ஐயா அதை இங்கிலீஷில் சொன்னார். ஒன்றையும் விடாமல் சொன்னார் என்பது தொரையின் முகத்திலிருந்து தெரிந்தது.

உத்தியோகத்தர் கொட்டகைக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தார். ஒரு பிடி மண்ணை எடுத்துக் குப்பியிலிருந்த மருந்துத் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு ஏறியிருக்கிறதா என்று நிறம் பார்த்தார். திரும்பி வந்து நடுப் பாத்தியிலும் அப்படியே பார்த்தார். அவ்வளவு நேரமும் காளியாயி சாய்ந்த இடுப்போடு நின்றபடியே நின்றாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் அவர் சொன்னதைக் கண்டாக்கு ஐயா தமிழில் சொன்னார். பாத்தியில் நிற்பவை நடலாம். கொட்டகையில் இருப்பவற்றை ஒன்றும் செய்யக்கூடாது, தனியாகவே வைத்து வளர்க்க வேண்டும். மழைக்காலம் முடிந்து அவர் திரும்ப வந்து பார்த்த பிறகுதான் தவறணை தரமானதா இல்லையா என்று எழுதிக் கொடுப்பார்.

"அதுவரைக்கும் யாரு பார்த்துக்கிறதாம்?" என்று ராசம்மா மெதுவாகக் கேட்டாள்.

கண்டாக்கு ஐயா தொரையிடம் கேட்டார். தொரை காளியாயியை நிமிர்ந்து பார்க்காமலே தலையை அவள் பக்கம் அசைத்துவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார். கங்காணி போகிற போக்கில், மழைக்காலம் ஒன்றும் வருஷக்கணக்கில் நீளாது, அதுவரைக்கும்தான் உன் வேலை என்று சொல்லிவிட்டுப் போனான்.

அது அவளுக்கும் தெரியும். ஜீப்பின் சத்தம் தேய்ந்த பிறகு, தேங்காய் மட்டையும் வாளியும் எடுத்துக்கொண்டு முதல் கல்லருகே உட்கார்ந்தாள். சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டாமல் கீழே சாக்கை விரித்து, கல்லைப் புரட்டிப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.