கதைக்காதவர்களின் பங்குக் கிணறு

மானிடவியல் படிப்பிப்பது, ஊர் வீட்டு விடுப்பும் வம்பும் கேட்பதற்குப் பட்டம் கொடுக்கிற தொழில். மாணவர் ஆய்வு மாநாடுகளில் கடைசி வரிசையில் நகம் கடித்தபடி இருந்த மேற்பார்வையாளர்களுக்கு நான் சொல்லப்போவது விளங்கும்.

தலைப்பு

வெளிநாட்டில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்தவன் நான். எங்கடை பிள்ளைகள் கோயில் திருவிழா, கலியாணச் சடங்கு என்றுதான் தலைப்புக் கொண்டுவருவார்கள் என்று நினைத்திருந்தேன். உரும்பிராயில் தோட்டம் செய்கிறவரின் மகள் மதுசா கொண்டுவந்தது ஒரு கிணறு. அவளுடைய வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் அதிலும் அதன் மோட்டரிலும் பங்கு. அவள் பிறக்கும் முன்பே இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. ஆனால் இறைப்பு முறை ஒருநாளும் பிசகியதில்லை. இறைத்து முடித்தவர் குழாயின் வாயை மற்றவரின் வாய்க்காலில் திருப்பி வைத்துவிட்டுப் போவார். 'இனி உங்கடை முறை' என்பதற்கு அதுதான் சொல்.

தலைப்பை உடனே ஏற்றுக்கொண்டேன். ஆனாலும், அடுத்த வீட்டையும் விசாரிக்காமல் இது ஆய்வாகாது என்றேன். மதுசா சொன்னாள்:

"அங்கை போனால் அப்பா விடார். போகாட்டில் நீங்கள் விடமாட்டியள். அப்பாவைச் சமாளிக்கலாம், சேர்."

அடுத்த வீட்டுப் படலை

அடுத்த வீட்டுச் சிவலிங்கத்தை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வாசல் படலையடியில் நின்றாளாம். அவரே வெளியே வந்து, "கொப்பர் அனுப்பினவரோ?" என்று அவளுடைய தகப்பனைக் குறித்துக் கேட்டிருக்கிறார். "இல்லை, கம்பஸ் அனுப்பினது." தேத்தண்ணி வந்தது. பின்னேரம் முழுக்கக் கதைத்தார். எல்லாவற்றையும் எழுத அனுமதியும் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு.

"எழுது பிள்ளை. ஆனால் கொப்பருக்கு முன்னாலை அப்பிடியே வாசிக்கவேணும். ஒரு சொல்லு குறைஞ்சாலும் நான் சொன்னதொண்டும் செல்லாது."

ஒன்றும் இரண்டும்

ஆட்களின் பெயரை மறைப்பது எங்கள் துறையின் வழக்கம். மதுசாவும் 'குடும்பம் ஒன்று', 'குடும்பம் இரண்டு' என்று போட்டாள். தன் வீட்டுப் பக்கம் சாய்ந்ததாக யாரும் சொல்லக்கூடாதென்று அடுத்த வீட்டை முதலாவதாக வைத்தாள். தகப்பன் மடிக்கணினியில் அதைப் பார்த்தார். பிறகு மகளோடும் பேச்சில்லை.

மாநாட்டுக்கு முதல் கிழமை என் அறைக்கு வந்தாள், கண் சிவந்திருந்தது. விலகிவிடட்டோ என்று கேட்டாள். இந்த ஆய்வு மேடை ஏறாமல் போனால் எனக்கும் தாங்காது. ஆனாலும் தகப்பனை மீறு என்று சொல்ல நான் யார்? வீட்டில் ஆறுதலாக, அவசரப்படாமல் கேட்டுப் பார் என்றேன். அடுத்தநாள் சிரித்துக்கொண்டு வந்து அப்பா சொன்னதைச் சொன்னாள்.

"ஒண்டு, ரெண்டு எண்டு போட்டால் முதல் தண்ணி ஆருக்கெண்டு ஊர் கேக்கும். வடக்கு வீடு, தெற்கு வீடு எண்டு போடு. திசைக்கு ஆரும் வழக்கு வைக்கேலாது."

கேள்வி நேரம்

மண்டபத்தில் தகப்பன் இடப்பக்கம், சிவலிங்கம் வலப்பக்கம். மதுசா ஒரு சொல்லும் குறைக்காமல் வாசித்தாள். முடிந்ததும் கொழும்பிலிருந்து வந்த பேராசிரியர் கேட்டார்: "மோட்டர் பழுதானால்? அப்போதாவது பேசித்தானே ஆகவேண்டும்?"

தகப்பன் எழும்பினார். "மெக்கானிக்கை நான்தான் கூப்பிடுறனான்."

சிவலிங்கமும் எழும்பி, மேடையிலிருந்த அமர்வுத் தலைவரைப் பார்த்தார். "தலைவர், போன கோடையிலை கூப்பிட்டது ஆரெண்டு அவரைக் கேளுங்கோ."

தகப்பனும் தலைவர் பக்கம் திரும்பினார். "வேலை தெரியாதவனைக் கூப்பிட்டவர் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ, தலைவர்!"

தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தபடி முழித்தார். மண்டபம் சிரித்தது. பிள்ளையின் உழைப்பெல்லாம் பகிடியாய்ப் போச்சே என்று நான் பாதி எழும்பிவிட்டேன். மதுசா அசையவில்லை. சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து, பேராசிரியரிடம் சொன்னாள்.

"மோட்டர் பழுதானால் இப்பிடித்தான் சேர், நடுவிலை ஒராளை வைச்சுக் கதைப்பினம். வழமையா மெக்கானிக், இண்டைக்குத் தலைவர்."

கைதட்டல் ஓய நேரமெடுத்தது. பிறகு தகப்பனும் சிவலிங்கமும் தனித்தனியே என்னிடம் வந்து "எங்கடை பிள்ளை எப்பிடி?" என்று கேட்டதும், ஒரே பதிலை இரண்டு தடவை சொல்ல நேர்ந்ததும்தான் இந்தத் தொழிலில் நான் மனமாரப் பார்த்த சம்பளமில்லாத ஓவர்டைம்.