இறக்கத்தில் மிச்சம் பிடித்த பெற்றோல்

எங்கள் கார் குலுங்கத் தொடங்கிய கையோடு குற்றவாளியையும் பிடித்துவிட்டார்கள். என் மருமகள். அவளுக்கு லைசென்ஸ் கிடைத்து மூன்று மாதம். கியர் தானாக மாறும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் கார் குலுங்கத் தொடங்கி இரண்டு மாதம். என் மகனுக்கு இவ்வளவு சாட்சி போதுமாயிருந்தது.

"நீர் கார் ஓடத் தொடங்கின பிறகுதானே இது. இனிச் சாவியைத் தொடாதையும். பஸ்ஸில போம்."

"பஸ்ஸில போனா முதல் பாடத்துக்குப் போய்ச் சேர ஏலாது," என்றாள் அவள். மூதூரில் படிப்பிக்கிறாள். காரில் போகும் நாட்களில், கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் பாடுவாள். சாவி பறிபோன கிழமை வீட்டில் பாட்டும் இல்லை, மீன்குழம்பில் புளியும் இல்லை.

நான் பின் சீற்றுக்காரி. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆங்கிலம் ஏறவில்லை. இப்போது நாலு எழுத்துத் தெரியும். P, R, N, D. நாலும் கியர்த் தடிக்குப் பக்கத்தில் இருப்பவை. பின்னால் இருப்பவர்களுக்கு ஓடுகிறவரின் கை நன்றாகத் தெரியும். ஆனால் நான் வாய் திறக்கவில்லை. மாமி மருமகளுக்காகக் கதைத்தால் யார் நம்புவார்கள்?

சனிக்கிழமை மூவரும் பாலையூற்றில் இருக்கும் கராஜுக்குப் போனோம். மெக்கானிக் கிண்ணியாக்காரர். முதலில் காரோடு கதைப்பார், பிறகுதான் மனிதரோடு. எஞ்சினை ஓடவிட்டு, கியர் எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்து, வெள்ளைக் கடதாசியில் துடைத்துக் காட்டினார்.

"புது எண்ணெய் நல்ல சிவப்பா இருக்கும். இதப் பாருங்க, பால் விடாத பிளேன்டீ மாதிரி. மணந்தும் பாருங்க."

மணந்தேன். அடிப்பிடித்த சட்டி.

"இரும்புத் தூள் இல்ல, தப்பிச்சீங்க. எண்ணெயையும் ஃபில்டரையும் மாத்தினா சரியாகும். ஆனா ஆரோ இதப் பிழையா ஓடுறாங்க. அது மாறாட்டி அடுத்ததா கியர் பெட்டியே போயிரும்."

மகன் மனைவியைப் பார்த்தான். "கேட்டீரே?"

"ரெண்டு பேரும் ஓடிக் காட்டுங்க," என்றார் மெக்கானிக். "வழமையா ஓடுற இடத்துக்கே போவம்."

ஓர்ஸ் ஹில் மேட்டுக்கு வந்தோம். முதலில் மருமகள். பின்னுக்கு எடுத்தாள், கார் முழுதாக நின்ற பிறகே பிரேக்கை மிதித்தபடி முன்னுக்குப் போகிற D போட்டாள். இறக்கத்திலும் தடியைத் தொடவில்லை.

"ரீச்சர் ஓடுறதில பிழை இல்ல," என்றார் அவர்.

அடுத்தது மகன். மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறார் அல்லவா, பூசைக்குப் போகிறவன்போல் ஓடினான். ஒரு குற்றமும் இல்லை. இப்படியே விட்டால் அவளுக்குச் சாவி கிடைக்காது. நான் முன்னால் சாய்ந்தேன்.

"மகன், பெற்றோல் விலை கூடப் போகுதாம்."

"சும்மா இருங்கோ அம்மா."

"இல்லை, இந்தத் தம்பிக்கு உன்ர கெட்டித்தனம் தெரியாது. இறக்கத்தில நீ மிச்சம் பிடிக்கிறனி எல்லே, அதை ஒருக்காக் காட்டு."

புகழ்ந்தால் என் மகன் அப்பனைப்போல. முகம் மலர்ந்துவிட்டது. மேட்டின் உச்சியில் தடியை, கியர் பிடிக்காத N-க்குத் தட்டினான். கார் சத்தமில்லாமல் உருண்டது. அடியில் வந்ததும், அந்த வேகத்திலேயே D-க்கு இழுத்தான். 'டக்' என்று ஒரு குலுக்கல். என் கட்டுப்பல் இடம் மாறியது.

"எப்பிடி?" என்று கேட்டான் மகன். "பெற்றோலுக்கு வரிசையில நிண்ட காலத்தில பழகினது. ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான்."

மெக்கானிக் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "அண்ணன், இப்பிடி இழுக்கேக்க உள்ளுக்கு இருக்கிற கிளச்சுத் தட்டுகள் ஒண்டோட ஒண்டு அறையும். தேயும். அந்தச் சூட்டில எண்ணெய் கருகும். இது மூணு மாசத்தில கருகின எண்ணெய் இல்ல. வருசக் கணக்கில வறுத்திருக்கீங்க."

மகன் வீதியைப் பார்த்தான். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் துறைமுகத்தில் நின்ற கப்பலைப் பார்த்தேன். அந்த வரிசைக் காலத்தில் 'என்ர பிள்ளை அரைத் தாங்கிப் பெற்றோலில ஒரு மாதம் ஓடுவான்' என்று எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தவள் நான்தான். அதை மெக்கானிக்கிடம் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"ஏன் அம்மா முதலே சொல்லேல்லை?" என்று திரும்பக் கராஜில் இறங்கும்போது மகன் முணுமுணுத்தான்.

"நீ கேக்கேல்லையே."

எண்ணெய் மாற்றி முடிந்ததும் மெக்கானிக் சாவியை நீட்டினார். மகன் வாங்கினான். இரண்டு தரம் உள்ளங்கையில் புரட்டினான். பிறகு மனைவியிடம் கொடுத்தான்.

"பிழை என்ரைதான். நீர் ஓடும்."

திங்கட்கிழமை எங்களை வழியில் இறக்கிவிட்டு மூதூருக்குப் போவதாக ஏற்பாடு. முன் சீற்றில் அவளுடைய கொப்பிக்கட்டு. மகன் பின்னால் என்னோடு. கார் குலுங்கவில்லை. இறக்கம் வந்தது. அவனுடைய இடது கை தானாக எழும்பி முன் சீற்றுகளுக்கு நடுவே நீண்டது.

நான் ஒரு தட்டுத் தட்டினேன். கை திரும்பி மடிக்கு வந்தது.

"இஞ்சாருங்கோ, பின்னுக்கு என்ன சத்தம்?" என்றாள் மருமகள், கண்ணாடியை இறக்கியபடி.

"நுளம்பு கடிச்சது," என்றான் அவன்.